அறுபதுக்குப் பிறகு கயாக்: ரோல் வேண்டுமா, ஏறத் தெரிந்தால் போதுமா?

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஒரு நண்பர், 61 வயதான தம் தந்தை கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒல்லியான சிறு படகு) கற்க விரும்புகிறார் என்றும், முதலில் எதைக் கற்க வேண்டும் என்றும் இங்கே கேட்டிருந்தார். வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை, கவிழ்ந்த படகை அதிலிருந்தபடியே நிமிர்த்தும் ரோல் தெரியாதவர் கடலுக்குப் போகவே கூடாது என்று முடித்துவிட்டன. எனக்கு இப்போது 66 வயது. 47ஆம் வயதில் துடுப்பைப் பிடித்தேன். மழைக்கால மாதங்களைத் தவிர மற்ற மாதங்களில் இன்றும் வாரம் ஒருமுறையாவது நீரில் இறங்குகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அறுபதைத் தாண்டியவருக்கு முதலில் வேண்டியது ரோல் அன்று. கவிழ்ந்து, படகைவிட்டு வெளியே வந்து, நீரில் மிதந்துகொண்டிருக்கும்போது மீண்டும் ஏறி உட்காரும் திறமையே முதலில் வேண்டும். அதுவும் காலையில் தெம்பாக இருக்கும்போது ஏறிக் காட்டுவது கணக்கில் வராது. மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டுக் கை சோர்ந்த பிறகு ஏற முடிகிறதா என்பதே கணக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், மனோரி கழிமுகத்திலிருந்து மூவர் புறப்பட்டோம். கடல்நீர் உயரும் ஏற்றம் முடிவதற்குள், அதாவது நண்பகலுக்குள், நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள் திரும்பிவிடுவது திட்டம். கோராய்ப் பக்கத்து மணலில் உணவுப் பொட்டலத்தைப் பிரித்தோம், பேச்சு நீண்டது, திரும்பும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அப்போது நீர் இறங்கும் வற்றம் மூன்றாவது மணி நேரத்தில் இருந்தது. கழிமுகத்திலிருந்து நீர் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்க, வடமேற்கிலிருந்து கடற்காற்று அதற்கு எதிராக வீசியது. ஓட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் இடத்தில் அலை உயரமாக எழுவதைவிடச் செங்குத்தாக எழுவதுதான் ஆபத்து. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே படகு நிமிர இடமே கிடைக்காது. பக்கவாட்டில் வந்த ஓர் அலையில் கவிழ்ந்தேன்.

நீச்சல் குளத்தில் பத்துக்கு ஒன்பது முறை ரோல் செய்பவன் நான். அன்று இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் தலையை முதலில் தூக்கினேன், படகு மறுபடியும் என்மேல் கவிழ்ந்தது. படகுக்குள் நீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்கர்ட்டின் வாரை இழுத்து வெளியே வந்தேன். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு உண்மையான பாடம். நண்பர் ஒருவர் அருகில் வந்து என் படகின் முன்முனையான அணியத்தைத் தம் படகின் குறுக்கே இழுத்துத் தூக்கி நீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் ஏற வேண்டியதுதான் பாக்கி. மூன்று முறை மார்பு வரை ஏறி மூன்று முறையும் வழுக்கி விழுந்தேன். கைகளில் வலுவே இல்லை. கடைசியில் அவ்வழியே திரும்பிய கோளி மீனவர் ஒருவர் என் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து, மீனை அள்ளிப் போடுவதுபோல் என்னைத் தம் படகில் போட்டார். மராத்தியில் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது; சொன்னதில் தவறும் இல்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பயணமும் முடியும்போது, கரைக்கு ஐம்பது மீட்டர் இருக்கையில், ஆழம் உள்ள இடத்தில், வேண்டுமென்றே கவிழ்ந்து தனியாக ஏறுவேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துவைப்பேன். 61 வயதில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. சென்ற வாரம் மூன்று நிமிடம் பத்து நொடி. இந்த எண் ஐந்தைத் தாண்டும் நாளில் தனியாகப் போவதை நிறுத்திவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வயதானவர்கள் அல்லது வயதான பெற்றோரோடு போகிறவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

தெற்குத்துறை (நவி மும்பை)

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. எனக்கு 34 வயது, ஏழு ஆண்டுகளாக ரோல் செய்கிறேன். படகைவிட்டு வெளியே வந்துவிட்டால் ஒரே நொடியில் மூன்று சிக்கல்கள் சேர்கின்றன: இருக்கைக்குழி முழுவதும் நீர், காற்றோடு நழுவிச் செல்லும் படகு, நம்மைக் காப்பாற்றத் தம் வேலையை நிறுத்த வேண்டிய தோழர். பாறைக்கு அருகில் அந்தத் தோழரும் சிக்கலில் இருப்பார். ரோல் தெரிந்தவருக்கு இவை எதுவுமே தொடங்குவதில்லை.

கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள் ரோலைக் கற்றது அழகுக்காக அன்று. உறையும் நீரில் நீந்திப் பிழைக்க முடியாது என்பதால் கற்றார்கள். ஐரோப்பியர்களில் 1927இல் அதை முதலில் செய்த ஆஸ்திரியர் பாவ்லாட்டாவும் எழுத்தில் இருந்த விவரிப்புகளைப் படித்து, தாமாகவே முயன்று கற்றவர்தான். வலிமையை நம்பிய வித்தை இல்லை அது. இடுப்பின் ஒரு சுண்டல், தலை கடைசியில் வருவது, அவ்வளவுதான். உங்கள் ரோல் அன்று தோற்றது என்றால் ரோல் வேண்டாம் என்று பொருளா? அலையில் போதிய பயிற்சி இல்லை என்றல்லவா பொருள்?

தாராவிக்கரை (தாராவி, மும்பை)

அண்ணாச்சி, ரோலை விடுங்கள். அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது பஞ்சாங்கம்.

எங்கள் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மும்பைக்கு வந்தவர். அணியம், அமரம், பாகம், வாடை, கச்சான் எல்லாம் எங்கள் வீட்டில் இன்னும் புழங்கும் கடல்காரர் சொற்கள். ஆனால் அங்கே இருக்கும் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், வேறு, இங்கே இருக்கும் ஓதம் வேறு. தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தாலே பெரிது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தொடும். நான் முதலில் படித்தது பன்னிரண்டில் பங்கு போடும் கணக்கைத்தான்: வற்றம் தொடங்கிய முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு இறங்கும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான்கு மீட்டர் என்றால் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் இரண்டு மீட்டர் நீர் கழிமுகத்தைவிட்டு ஓட வேண்டும். அண்ணாச்சி திரும்பியது சரியாக அந்த நேரத்தில்.

மும்பையில் இன்னொரு வசதியும் உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் பெரிய ஏற்றம் ஏறத்தாழ நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும். ஆகவே காலை ஆறு, ஏழு மணிக்குச் சேறு தெரியும் வற்றம். நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போய், அஷ்டமி, நவமி வாக்கில் காலை ஆறேழு மணிக்கு ஏற்றம் வரும். ஏற்ற வற்ற வித்தியாசமும் பாதிக்குக் குறைந்துவிடும். கோளி மக்கள் பெரிய ஓதத்தை உதாண் என்பார்கள், சிறிய ஓதத்தைப் பாங் என்பார்கள். நம் ஊரில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும்தான் மும்பையில் கயாக்காரனுக்குச் சுபதினம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தே நான் ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

தாராவிக்கரைத் தம்பி எழுதியது அத்தனையும் உண்மை. கணக்குத் தெரிந்திருந்தும் தயிர்சாதத்துக்காக அதை மீறினேன்.

தெற்குத்துறைத் தம்பிக்கு: ரோல் வேண்டாம் என்று நான் எழுதவில்லை, வரிசையை மாற்ற வேண்டும் என்றே எழுதினேன். குளத்தில் ரோல் தோற்பதில்லை. கடலில், சோர்வில், எதிர்பாராத பக்கத்தில் தோற்கிறது. தோற்ற பிறகு கையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நீங்கள் சொன்ன இனுயிட் வேட்டைக்காரருக்கு உறைநீரில் இரண்டாவது வாய்ப்பு இல்லை. மும்பைக் கடலில் குளிர் கொல்வதில்லை; நீரில் பத்து நிமிடம் இருக்கலாம், அரை மணி நேரமும் இருக்கலாம். இங்கே வெயிலும், சோர்வும், கரைக்கு வெளியே தள்ளும் காற்றும்தான் எதிரிகள். அந்தப் பத்து நிமிடத்தைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்கிறேன்.

மாட்டுங்கா மகன் (மாட்டுங்கா, மும்பை)

அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான், ஐயா. அப்பா வங்கியில் ஓய்வு பெற்றவர். சிறு வயதில் தாமிரபரணியில் நீந்தியவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வலது தோள் சில நாள்களில் வலிக்கிறது என்பார். அம்மா, "இந்த வயதில் கடலில் என்ன விளையாட்டு?" என்று கேட்கிறார். ஏறும் பயிற்சியை எப்படித் தொடங்குவது, தோள் தாங்குமா என்று சற்று விரிவாக எழுத முடியுமா?

தசைநார் (முலுண்டு, மும்பை)

நான் இயன்முறை மருத்துவர். கயாக்கில் வெறும் மூன்று ஆண்டு அனுபவம்தான். தோளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துடுப்புப் போடுகிறவர்களின் தோள் கெடுவதற்கு வயதைவிடக் கை இருக்கும் இடம் பெரிய காரணம். கை தோளுக்கு மேலே உயர்ந்து, உடலுக்குப் பின்னால் போய், நீட்டிய நிலையில் இருக்கும்போது அலை துடுப்பை இழுத்தால், தோள்மூட்டு முன்புறமாக நழுவ ஏதுவான கோணம் அதுவே. இளைஞரானாலும் முதியவரானாலும் விதி ஒன்றுதான்: இரண்டு கைகளும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மார்புக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் துடுப்பு ஊன்ற வேண்டுமானால் கையை மட்டும் கொண்டுபோகாமல் உடலையே திருப்ப வேண்டும். சாய்வைத் தடுக்கும்போது முழங்கை மேலே, துடுப்பின் தட்டையான பகுதியான அலகின் முதுகு நீரின்மேல் இருக்கும் தாழ்ந்த ஊன்றலைப் பழகுங்கள். கையை உயர்த்தித் தொங்கும் ஊன்றலைத் தவிர்க்க முடிந்தவரை தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது, சாதாரணத் துடுப்பு வீச்சு. கையால் இழுப்பவர் தோளைத் தேய்க்கிறார். பாதத்துக்கு அருகில் அலகை முழுதாக நீரில் இறக்கி, அதே பக்கத்துப் பாதத்தால் படகின் மிதிகட்டையை அழுத்தி, இடுப்புக்கு மேலே உள்ள உடலைத் திருப்பினால் அலகு தானாகப் பின்னே வரும். இடுப்பை எட்டியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின் இழுப்பது படகை ஓட்டுவதில்லை, நீரைத்தான் தூக்குகிறது. ஆட்டுக்கல்லில் மாவரைத்த பாட்டிமார்கள் தோளால் அரைக்கவில்லை, இடுப்பிலிருந்து அரைத்தார்கள், அதே அசைவுதான்.

அப்பா சாப்பிடும் மாத்திரை எது என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் இதயத்துடிப்பு ஏறவிடாமல் வைத்திருக்கும்; நாடியை எண்ணி உழைப்பை அளக்க நினைத்தால் ஏமாந்துபோவார். சில மாத்திரைகள் உடலிலுள்ள நீரை வெளியேற்றும். ஏப்ரல் வெயிலில் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். பேச்சு மூச்சோடு தடையில்லாமல் வருகிறதா என்பதே எளிய அளவுகோல்.

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

தசைநார் அம்மாவுக்கு நன்றி. ஆட்டுக்கல் உவமையை இனி நானும் பயன்படுத்திக்கொள்வேன்.

மாட்டுங்காத் தம்பிக்கு விரிவாகவே எழுதுகிறேன். வயது கூடக் கூட நான் மாற்றிக்கொண்டவை மூன்று: துடுப்பு, ஏறும் முறை, நாளைத் தேர்ந்தெடுக்கும் முறை. நாளைப் பற்றித் தாராவிக்கரை எழுதிவிட்டார்.

முதலில் துடுப்பு. ஐம்பதுகளில் நான் வைத்திருந்தது அகலமான அலகுள்ள துடுப்பு. முதல் நொடியிலேயே நீரைப் பற்றிக்கொள்ளும், பந்தயத்துக்கு அருமை, என் தோளுக்கு அல்ல. 58 வயதில் கிரீன்லாந்து முறையில் மரத்துடுப்பு ஒன்றைச் செதுக்கினேன். அதற்கு வாங்கிய அளவைக் கேட்டால் நம் ஊர்த் தச்சர் சிரிப்பார், ஏனென்றால் அது அவருடைய அளவே: நீளம் ஒரு மாரும் ஒரு முழமும். அதாவது, விரித்த இரு கைகளின் நீளத்தோடு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளம். அலகின் அகலம், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடிபடும் அளவு. ஆர்க்டிக்கில் வாழ்ந்தவர்களும் நம் கடற்கரை மக்களும் உடம்பையே அளவுகோலாக வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஒல்லியான அலகு நீரை மெதுவாகப் பற்றுகிறது. ஒவ்வொரு வீச்சின் தொடக்கத்திலும் தோளில் விழும் அதிர்ச்சி குறைகிறது. வீச்சுகளின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. மிதிவண்டியில் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றியதுபோல. காற்று நாளில் இளைஞர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். நான்காவது மணி நேரத்தில் அவர்களை நான் பார்ப்பேன். வேறு துடுப்பை வைத்திருப்பவர்கள் இரண்டு அலகுகளுக்கும் நடுவிலுள்ள திருகுகோணத்தைக் குறைத்தாலே மணிக்கட்டு வலி பாதி போய்விடும். பிடியும் தளர்வாக இருக்கட்டும். வெள்ளையாகும் வரை விரல்களை இறுக்குகிறவர் படகைப் பற்றிய பயத்தைத் துடுப்பில் காட்டுகிறார்.

இனி ஏறுவது. படகின் பின்பகுதியான அமரத்தில் குதிரைமேல் தாவுவதுபோல் ஏறி, இரு பக்கமும் காலைப் போட்டு முன்னே நகர்வது இளைஞர்களின் முறை. சமநிலையும் கைவலுவும் வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது குதிகாலை மாட்டும் முறை. படகை ஒட்டி நீரில் மல்லாந்து மிதந்தபடி, அமரத்தைப் பார்த்துத் தலையை வைத்து, படகுப் பக்கத்துக் காலைத் தூக்கி இருக்கைக்குழிக்குள் குதிகாலை மாட்ட வேண்டும். இப்போது உடம்பை மேலே கொண்டுவருவது கையல்ல, தொடை. வயதானாலும் கையைவிடக் காலில் வலு மிஞ்சியிருக்கிறது. மாடிப்படி ஏறுகிற மும்பைக்காரனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உடம்பு படகின்மேல் குப்புறப் புரண்டதும், தலை அமரத்தின் பக்கம் இருக்கும். மெல்லக் கால்களை உள்ளே நுழைத்துத் திரும்பி உட்கார வேண்டும். முதல் பத்து முறை மறுபக்கத்தில் விழுவீர்கள். துடுப்பின் ஒரு நுனியில் காற்றுப் பையை மாட்டி, பக்கவாட்டில் நீட்டிவைத்தால், கட்டுமரத்துக்குத் துணைக்கட்டை வைத்ததுபோல் படகு புரளாது. தனியாகப் போகிறவருக்கு அந்தப் பை கட்டாயம்.

முழங்கால் மடங்காதவர்களுக்குக் கயிற்றுப்படி. ஒரு வளையக் கயிற்றை இருக்கைக்குழியின் குறுக்கே வைத்த துடுப்பில் சுற்றி, நீருக்குள் தொங்கவிட்டு, அதில் பாதத்தை வைத்து எழுந்து ஏறுவது. கேட்க எளிது, நீரில் தொங்கும் கயிறு படகுக்கு அடியில் ஓடிவிடும், பாதமும் கூடவே ஓடும். ஆகவே பாதத்தை நேராகக் கீழே மிதிக்க வேண்டும், முன்னே உதைக்கக் கூடாது.

தொடங்கும் இடம்: இடுப்பளவு நீர், மணல்தரை, காற்றில்லாத காலை. பவாய் ஏரிதான் அருகில் இருக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். அங்கே முதலைகள் குடியிருக்கின்றன, அவற்றுக்கு நம் பயிற்சியில் ஆர்வம் வந்துவிடக் கூடாது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நான் வீட்டைவிட்டுப் புறப்படும்போது எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குக் கரையேறுவேன் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவைக்கிறேன். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தாள் வந்த பிறகு என் வீட்டில் சண்டை குறைந்தது.

அல்சூர்வாசி (பெங்களூரு)

மும்பைக்காரர்களின் ஓதக் கணக்கைப் பொறாமையோடு படிக்கிறேன். ஏரியில் எங்களுக்கு அலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. ஆகாயத்தாமரையும் கழிவுநீர் வாடையும் தாராளம். ஒரு கேள்வி: வயதானவர்கள் ஏன் இருக்கைக்குழி உள்ள படகில்தான் போக வேண்டும்? மேலே திறந்து உட்காரும் படகில் உள்ளே நீர் நிரம்பும் பேச்சே இல்லை. கவிழ்ந்தால் மறுபடி புரட்டி, வயிற்றால் ஏறிப் படுத்து, திரும்பி உட்கார்ந்துவிடலாம். என் மாமாவுக்கு 70 வயது. அவர் அப்படித்தான் செய்கிறார்.

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

மாமா செய்வது சரி. புதிதாகத் தொடங்கும் பெரியவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்தத் திறந்த படகு அகலமானது. காற்றுக்கு எதிராக மெதுவாகத்தான் போகும். படகின் உச்ச வேகம் அதன் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியது என்பதால், நீளமும் ஒல்லியும் உள்ள படகுக்கு அதே உழைப்பில் கூடுதல் தொலைவு கிடைக்கிறது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்கு இந்த வேறுபாடு தோளில் தெரியும்.

வாஷி வாசகன் (நவி மும்பை)

வயது, வயது என்று ஏன் இத்தனை பயம்? போலந்தின் அலெக்சாண்டர் டோபா 2017இல் 71ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்களுக்கு முன் மூன்றாவது முறையாக அட்லாண்டிக்கைத் தனியாகக் கயாக்கில் கடந்து முடித்தார். ஜெர்மனியின் பிர்கிட் பிஷர் 1980இல் 18 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 2004இல் 42 வயதில் மறுபடியும் வாங்கினார். மனம் இருந்தால் வழி உண்டு.

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

டோபாவை நானும் வியந்து படித்தவன்தான். அவருடைய பயணத்தில் எனக்குப் பிடித்தது மனவலிமையைவிடப் படகின் அமைப்பு. அவர் போனது ஏழு மீட்டர் நீளத்தில் அவருக்காகவே கட்டிய படகு. உள்ளே படுத்துறங்க அறை. கவிழ்ந்தாலும் தலைகீழாகவே நின்றுவிடாதபடி மேலே வளைவுகள். அவர் பொறியாளர். கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கரையிலேயே விடை எழுதிவிட்டுத்தான் புறப்பட்டார். 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக்கில் புறப்பட்டு, நம் நாட்டுக் கரையோரமாகவும் வந்து, 1939இல் ஆஸ்திரேலியாவை எட்டிய ஆஸ்கர் ஸ்பெக்கும் தொலைவைத் துண்டு துண்டாக வெட்டித்தான் ஏழாண்டுகளில் போனார். பிர்கிட் பிஷருக்கு 42 வயதில் கிடைத்த தங்கம் நேர்க்கோட்டுப் பந்தயத்தில். அதற்கு வேண்டிய உழைப்பைப் பற்றி நான் பேசத் தகுதியில்லாதவன். கழிமுகத்தில் வழுக்கி விழுந்தவனுக்கு இந்தப் பெயர்கள் தரும் உற்சாகத்தைவிடக் கயிற்றுப்படி தரும் உதவி அதிகம்.

தெற்குத்துறை (நவி மும்பை)

ஐயா, வாக்குவாதத்தில் தோற்காமல் இருப்பதற்காகவே நேற்று நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். மண்ட்வாப் பக்கம் காலையில் பதினான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பிய பிறகு, கரைக்கு அருகில் வேண்டுமென்றே கவிழ்ந்தேன். ரோல் முதல் முறையே வந்தது. அது வந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன். பிறகு படகைவிட்டு வெளியே வந்து குதிரையேற்ற முறையில் ஏறப் பார்த்தேன். இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் மறுபக்கம் விழுந்தேன். மூன்றாவது முறை ஏறினேன். ஆனால் அதற்குள் காற்று என்னைத் தொடங்கிய இடத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தது. எனக்கு 34 வயது என்பதை மறுபடியும் எழுதிக்கொள்கிறேன்.

இருந்தாலும் என் கட்சியை முழுதாக விடமாட்டேன். பாறைக்கரையில், அலை உடையும் இடத்தில், ஏறும் திறமைக்கு நேரமே கிடைக்காது. அங்கே ரோல் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்பவருக்கு மட்டும் உங்கள் வரிசை பொருந்தும்.

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

அதை ஒப்புக்கொள்கிறேன். நான் பாறைக்கரைக்குப் போவதை 62 வயதில் நிறுத்திவிட்டேன். இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். அலை உடையும் இடத்துக்கு ரோல் இல்லாமல் யாரும் போக வேண்டாம். ரோல் உள்ள என் வயதுக்காரர்களும் யோசித்துப் போகட்டும்.

குளிர்காலக் காலைக்காற்றைப் பற்றி ஒரு சொல், எதிர்ப்பதற்காக அன்று. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மேற்குக்கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். கரையிலிருந்து பார்த்தால் நீர் கண்ணாடிபோல் கிடக்கும். காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் அலையே தெரியாது. அரைக் கிலோமீட்டர் போன பிறகு திரும்பினால்தான் அதன் பலம் தெரியும். கவிழ்ந்தவரையும் படகையும் அது வெளிக்கடலுக்கே கொண்டுபோகும். நூறு மீட்டர் தள்ளப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது கரையை நோக்கிய காற்றாக இருந்தது உங்கள் நல்வாய்ப்பு. ஆகவே கவிழ்ந்ததும் துடுப்பை விட்டாலும் படகை விடக் கூடாது.

மாட்டுங்கா மகன் (மாட்டுங்கா, மும்பை)

முன்னேற்றச் செய்தி. அப்பா சென்ற ஞாயிறு இடுப்பளவு நீரில் திறந்த படகில் பதினோரு முறை ஏறினார், ஏழு முறை விழுந்தார். மாலையில் வலித்தது தோள் அல்ல, தொடை. "காலால் ஏறினேன் என்பதற்கு இதுவே சாட்சி" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சந்தேகம்: கயிற்றுப்படிக்கு எவ்வளவு நீளம், எந்த முடிச்சு? நாங்கள் கட்டியது மிக நீளமாகிவிட்டது. அப்பா மிதித்தபோது கால் நேராக நீண்டு நின்றது, உடம்பு மேலே வரவில்லை.

தாராவிக்கரை (தாராவி, மும்பை)

நீளத்தை அண்ணாச்சி சொல்லட்டும். முடிச்சுக்கு மட்டும்: இரண்டு நுனிகளைச் சேர்க்க இழுக்க இழுக்க இறுகி, நனைந்தாலும் நழுவாத முடிச்சே வேண்டும். நைலான் கயிறு வழுக்கும். தட்டையான நாடா கிடைத்தால் பாதத்தை அறுக்காது. பாவுச்சா தக்காவுக்கு அருகிலுள்ள மீன்பிடிச் சாமான் கடைகளில் எடைபோட்டு விற்பார்கள்.

உப்புக்காற்று (செம்பூர், மும்பை)

என் கயிற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர், வளையமாக்கினால் அதில் பாதி. துடுப்பில் சுற்றியபின் இன்னும் குறையும். ஆனால் என் அளவு உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. அவர் நீரில் படகைப் பிடித்து மிதக்கும்போது, மிதிக்கும் காலின் முழங்கால் வயிற்றுக்கு அருகே மடங்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் பாதம் எங்கே இருக்கிறதோ அங்கே வளையத்தின் அடி வர வேண்டும். கரையில் அளக்காதீர்கள், நீரில் அவரை மிதக்கவிட்டு அளந்து, நுனியைச் சற்று நீளமாகவே விட்டு முடிச்சுப் போடுங்கள். பின்னர் சுருக்கிக்கொள்ளலாம்.

வரும் அஷ்டமி காலை ஆறரை மணிக்கு நான் மனோரியில் இருப்பேன். அப்பாவை அழைத்து வாருங்கள். தயிர்சாதம் கரையேறிய பிறகுதான்.